இருபத்து மூன்றா, இருபத்து நான்கா?

பெரிய டீச்சரும் சின்ன டீச்சரும் பேச்சை நிறுத்தி இன்றோடு ஆறு நாள்.

ஒரே வீடு, ஒரே பள்ளிக்கூடம், இப்போது இந்தக் கடலாய்வு நிலையத்தில் ஒரே அறை, அடுத்தடுத்த கட்டில். ஆனாலும் அறைச் சாவி எங்கே என்பதைக்கூட ஒருத்தி சுவரைப் பார்த்துத்தான் கேட்கிறாள், மற்றவள் ஜன்னலைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறாள். அண்ணியும் நாத்தனாரும் சண்டை போடுவது உலகத்தில் புதிதில்லை. பூகோளம் நடத்துகிற அண்ணியும் உயிரியல் நடத்துகிற நாத்தனாரும் கோபத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைவிட மோசம் என்பதுதான் கொஞ்சம் புதிது.

சண்டைக்குக் காரணம் போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். விட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. சின்ன டீச்சருக்குப் பதினான்கு வயதிலிருந்து வலிப்பு உண்டு. வீட்டில் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. மாத்திரை சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி எழுந்தால் வராது. வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றால் வந்தாலும் வரும். இந்த ஐந்து நாள் கடலறிவியல் பயிற்சியின் முடிவில், இருபத்து நான்கு ஆசிரியர்களில் ஒருவரை மட்டும் மூன்று மாதம் ஆராய்ச்சிக் கப்பலில் அழைத்துப் போகிறார்கள். அந்தக் கப்பலுக்கான படிவத்தில் 'வலிப்பு உண்டா' என்ற கேள்விக்குச் சின்ன டீச்சர் 'இல்லை' என்று எழுதியிருந்ததை, போன வெள்ளிக்கிழமை பெட்டி அடுக்கும்போது அண்ணி பார்த்துவிட்டாள். அண்ணனிடம் சொல்லிவிடுவேன் என்றாள். சொன்னால் அப்புறம் அந்த வீட்டு வாசலையே மிதிக்க மாட்டேன் என்றாள் நாத்தனார். அதோடு பேச்சு நின்றது. சொல்வதும் நடக்கவில்லை.

இன்று வியாழக்கிழமை. கப்பல் திங்கட்கிழமை கிளம்புகிறது, போகப்போவது சின்ன டீச்சர்தான் என்று நிலையம் முழுக்கப் பேச்சு.

காலை ஒன்பதரைக்கு எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார் பயிற்சி நடத்தும் விஞ்ஞானி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அந்த அம்மாவுக்கு ஆசிரியர்கள் முதல் நாளே 'மீட்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எதைக் கேட்டாலும் அளவில்தான் பதில் வரும். தண்ணீர் எவ்வளவு குளிரும் என்றால் டிகிரியில், சாப்பாடு எப்போது என்றால் நிமிடத்தில்.

கரையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி ஒரு பெரிய கரும்பாறை. தண்ணீர் இறங்கும் நேரத்தில் மட்டும், கல்லும் மணலுமாக ஒரு குறுகலான பாதை அதை நோக்கி எழும்பி வரும். மீட்டர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். தண்ணீர் மிகவும் தாழ்வது பத்து நாற்பதுக்கு. பன்னிரண்டுக்குள் அத்தனை பேரும் கரையில் இருக்க வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்குப் பாதை முங்கிவிடும். இரண்டரைக்குப் பாறையின் உச்சி மட்டும்தான் மிஞ்சும். அதற்கப்புறம் அதுவும் மிஞ்சாது.

வேலை சுலபமானது. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, பாறையில் அடித்திருக்கும் பன்னிரண்டு இரும்பு முளைகளில் ஜோடிக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முளைக்குப் பக்கத்தில் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கிற நத்தை, சிப்பி, பாசி எல்லாவற்றையும் எண்ணிப் பலகையில் குறிக்க வேண்டும். இதையே நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயிற்சியே.

பெரிய டீச்சருக்குப் பாறைக்குப் போகும் வேலை இல்லை; அவளோடு ஜோடி சேர வேண்டியவர் பன்னிரண்டாம் முளையைத் தனியாகப் பார்த்துக்கொண்டார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவள் என்று முதல் நாளே எண்ணிக்கை நோட்டை அவள் கையில் கொடுத்திருந்தார்கள். போகும்போது எண்ண வேண்டும், வரும்போது எண்ண வேண்டும், எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்களின் போன்கள் எல்லாம் உப்புத் தண்ணீருக்குப் பயந்து நிலையத்து அலமாரியில் கிடக்க, கரையில் போன் வைத்திருப்பவளும் அவள் ஒருத்திதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போய்ப் பழகிய கை அது. பஸ்ஸில் ஏறினால் பிள்ளைகளை எண்ணும், தன்னை எண்ணாது. முதல் இரண்டு நாளும் இருபத்து மூன்று என்று எழுதிவிட்டு, யாரையோ காணவில்லை என்று பதறி, கடைசியில் காணாமல் போனது தான்தான் என்று கண்டுபிடித்தாள். கணக்கு வாத்தியார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். டீச்சர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்து எண்ணட்டும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், சின்ன டீச்சரைத் தவிர.

அதனால் இன்று பெரிய டீச்சர் உஷாராக இருந்தாள். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் எல்லோரும் தண்ணீர் ஓரத்தில் நின்று ரப்பர் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் கடலைப் பார்த்து நின்று, முதலில் தன் நெஞ்சைத் தொட்டு 'ஒண்ணு' என்றாள். பிறகு விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு வந்தாள்.

பதினொன்றில் போன் அடித்தது. கணவர். மருந்துக்கடை வைத்திருப்பவர், கூட்டம் குறையும் நேரத்தில்தான் கூப்பிடுவார். எண்ணிக்கை விட்டுப்போகாமல் இருக்க, விரலை உயர்த்திப் பிடித்தபடியே பேசினாள்.

தங்கை மாத்திரை போட்டாளா என்று கேட்டார். போட்டாள் என்றாள். பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்டார்.

"இங்கதான் நிக்கறா," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

போனை வைத்துவிட்டுப் பன்னிரண்டிலிருந்து தொடர்ந்தாள். இருபத்து மூன்றில் முடிந்தது. இருபத்து மூன்றா என்று முனகியது கணக்கு வாத்தியார் காதில் விழுந்துவிட்டது.

"வழக்கம்போல உங்களை விட்டுட்டீங்க டீச்சர்."

சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். இருபத்து நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எல்லோரும் நிலையத்துக்கு நடந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் சின்ன டீச்சரைக் காணவில்லைதான். ஆனால் மூன்று நாளாகவே அவள் அண்ணி உட்காரும் மேசைக்கு வருவதில்லை. அறையில் படுத்திருப்பாள் என்று பெரிய டீச்சர் நினைத்துக்கொண்டாள். பட்டினி கிடந்தால் உடம்புக்கு ஆகாதே என்று ஒரு கணம் தோன்றியது. போய்க் கூப்பிடலாமா என்றும் தோன்றியது. நான் ஏன் கூப்பிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்று இருபத்தைந்துக்கு மீட்டர் வெள்ளைப் பலகையில் பன்னிரண்டு கட்டங்கள் வரைந்தார். ஒவ்வொரு ஜோடியும் எழுந்து தங்கள் எண்ணிக்கையைச் சொல்லச் சொல்லக் கட்டங்கள் நிரம்பின. ஏழாவது கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

ஏழாம் முளை யாருடையது என்று கேட்டார். ஓவிய டீச்சர் கையைத் தூக்கினார். தன் செருப்பு வார் அறுந்துபோனதால் பதினொன்றரைக்கே கரைக்கு வந்துவிட்டதாகவும், பலகை சின்ன டீச்சரிடம் இருப்பதாகவும் சொன்னார்.

"அவங்க உங்ககூட வரலையா?" என்றார் மீட்டர்.

"இன்னும் ஒரு சட்டம் எண்ணிட்டு வரேன்னு சொன்னாங்க. பின்னாடியே வந்திருப்பாங்கன்னு நினைச்சேன்."

பெரிய டீச்சர் எழுந்து அறைக்கு ஓடினாள். கட்டில் காலையில் மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்தது. குளியலறைக் கதவைத் தள்ளினாள். யாருமில்லை. வராந்தாவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆறு நாளாக வாயில் வராத பெயர் அது.

அப்போதுதான் அவளுடைய கை தன்னிச்சையாக எழுந்து அவள் நெஞ்சைத் தொட்டது. ஒண்ணு.

இன்று தன்னைச் சேர்த்துத்தான் எண்ணினாள். இருபத்து மூன்று என்பது இருபத்து மூன்றுதான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வகுப்பறைக்குத் திரும்பினாள். மீட்டர் கையில் எண்ணிக்கை நோட்டை விரித்துவைத்துக்கொண்டு, இருபத்து நாலுன்னு இருக்கே என்று கேட்டார்.

"தப்பா எழுதிட்டேன். அவ வரல. பாறையில இருக்கா."

மீட்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் முறையாக அவர் எந்த அளவும் சொல்லவில்லை. படகோட்டியைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்.

படகு துறையின் மறுபக்கம் கட்டியிருந்தது. கயிற்றை அவிழ்த்து, எரிபொருள் ஊற்றி, எஞ்சினைக் கிளப்புவதற்குள் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடமும் பெரிய டீச்சர் துறையில் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளை ஏற்ற வேண்டாம் என்றார் படகோட்டி. ஏறிவிட்டாள்.

காலையில் நடந்துபோன பாதை இருந்த இடமே தெரியவில்லை. அங்கே தண்ணீர் வேகமாகக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது.

சின்ன டீச்சருக்கு நீந்தத் தெரியுமா என்று மீட்டர் கேட்டார். தெரியாது என்றாள். பயந்த சுபாவமா, பதறித் தண்ணீரில் இறங்கிவிடுவாளா என்று கேட்டார். மாட்டாள் என்றாள். வேறு ஏதாவது எனக்குத் தெரிய வேண்டியது உண்டா என்று கேட்டார்.

பெரிய டீச்சர் வாயைத் திறந்தாள். சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் சொன்னால், இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். வலிப்பு உள்ளவளை வழுக்குப் பாறைக்கு அனுப்பிவிட்டுக் கரையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். கோபத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவள். தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

மீட்டர் எஞ்சினை அணைக்கச் சொல்லிக் காது கொடுத்தார். ஆளுக்கொரு விசில் கழுத்தில் உண்டு. ஆபத்தென்றால் மூன்று முறை ஊத வேண்டும். விசில் சத்தம் இல்லை. படகின் பக்கவாட்டில் ஏதோ இடித்தது. படகோட்டி குனிந்து எடுத்தார். எண்ணிக்கை குறிக்கும் சின்னப் பலகை. மேல் மூலையில் ஏழு என்று எழுதியிருந்தது.

பெரிய டீச்சர் பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மாமியார் இறக்கும்போது அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. ஜடை பின்னிவிட்டதும், பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும், வலிப்பு வந்த இரவுகளில் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து மடியில் தாங்கியதும் இவள்தான். பெற்ற மகள் இல்லாத குறையே தெரிந்ததில்லை. அவளை எண்ணாமல் வந்துவிட்டேன், எண்ணாமல் வந்துவிட்டேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பாறையைச் சுற்றிக் கடல் பக்கம் போனதும்தான் தெரிந்தாள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, கரைக்குத் தெரியாத சரிவில், இடுப்புவரை நனைந்து, ஏழாம் முளையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அலை அவள் காலடியில் ஏறி இறங்கியது. கண் திறந்திருந்தது. கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். படகோட்டி குதித்துப் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான், தூக்கத்திலிருந்து எழுந்தவள் மாதிரி அவரைப் பார்த்தாள். முளையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

படகில் இறக்கியதும் அண்ணி அவளை வாரி அணைத்துக்கொண்டாள். அணைத்த கணமே பார்த்துவிட்டாள். கீழுதட்டு ஓரத்தில் ரத்தம் உறைந்திருந்தது. நாக்கைக் கடித்த ரத்தம். எத்தனையோ முறை துணி நனைத்துத் துடைத்த ரத்தம்.

"விழுந்துட்டீங்களா?" என்று மீட்டர் கேட்டார்.

"வழுக்கிடுச்சு," என்றாள் சின்ன டீச்சர்.

நிலையத்து முதலுதவி அறையில் ஈரத்துணியை மாற்றி, போர்வை போர்த்தி, சூடாகக் குடிக்கக் கொடுத்தார்கள். நாடி பார்த்த நர்ஸ், கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். விபத்துப் படிவம் எடுத்துவருவதாக மீட்டரும் வெளியே போனார். ஆறு நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தார்கள்.

"வந்துச்சா?" என்றாள் அண்ணி.

சின்ன டீச்சர் தலையசைத்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது என்றாள். கண் விழித்தபோது பாதை முங்கியிருந்தது, விசிலைக் காணவில்லை என்றாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பாக எண்ணிவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்று அழுதாள்.

கையை இழுத்துக்கொள்ளாமலே சின்ன டீச்சர் பேசினாள். குரல் மெதுவாக இருந்தது.

"வரப்போகுதுன்னு தெரிஞ்சு நான் பாறை மேல ஏறிக் கையை ஆட்டினப்ப நீங்க என்னைத்தான் பார்த்துட்டு இருந்தீங்க அண்ணி. போன்ல பேசிட்டே விரலைத் தூக்கிக் காட்டினீங்க. ஒரு நிமிஷம் இரு, ஆள் அனுப்பறேன்னு சொல்றீங்கன்னு நினைச்சேன். அதனாலதான் உட்கார்ந்தேன். அப்புறம் நீங்க திரும்பிப் போயிட்டீங்க."

பெரிய டீச்சர் தன் விரலைப் பார்த்தாள். பதினொன்றில் நின்ற விரல் அது. எண்ணிக்கைக்காகத் தூக்கிய விரல். பார்க்கவில்லை, சத்தியமாகப் பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரத்தைத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். வெயில், கடல், கணவரின் குரல், தூரத்தில் கரும்பாறை. பாறை மேல் ஏதாவது தெரிந்ததா? தெரியவில்லை என்றுதான் நினைத்தாள். ஆனால் சத்தியம் செய்ய முடியவில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

மேசைமேல் போன் அடித்தது. கணவர்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அண்ணி எடுக்கவில்லை. சின்ன டீச்சர் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி எடுத்துக்கொண்டாள். சாப்பிட்டேன் அண்ணா என்றாள். மாத்திரை போட்டேன் என்றாள். அண்ணியைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"காலையிலேருந்து அண்ணிகூடத்தான் இருக்கேன். அவங்க என்னை விட்டு நகரவே இல்ல."

போனை வைத்துவிட்டு அண்ணியின் மடியில் போட்டாள்.

"நீங்க பார்த்தீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அண்ணன்கிட்ட சொல்லவே மாட்டேன். திங்கக்கிழமை நான் கப்பல்ல போறேன்."

கேட்கிற குரலில் அவள் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொல்கிற குரலில் சொன்னாள். கரைக்கு இருநூறு மீட்டரில் இருந்தே இன்று இந்தக் கதி. நடுக்கடலில், இரவில், மேல்தளத்தில் தனியாக நிற்கும்போது வந்தால் யார் தலையைச் சாய்த்துப் பிடிப்பார்கள்? மடியில் கிடந்த போனைப் பெரிய டீச்சர் இறுகப் பிடித்துக்கொண்டாள். கணவரை இப்போதே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். சொன்னால், இங்கேதான் நிற்கிறாள் என்று அவள் காலையில் சொன்னதும் சேர்ந்து வெளியே வரும். தங்கையைத் தூக்கி வளர்த்தவர். வாழ்நாள் முழுக்க அவர் முகத்தில் ஒரு கேள்வி நிற்கும்.

கதவு திறந்தது. மீட்டர் படிவத்தோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் காலையைவிட இளகியிருந்தது. தண்ணீர் ஏறும்போதும் முளையை விடாமல் பிடித்திருந்த பெண்ணை இதுவரை பார்த்ததில்லை, கப்பலுக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்றார். பேனாவைத் திறந்தார். நேரம், இடம், தண்ணீரின் உயரம் எல்லாம் அவராகவே எழுதிக்கொண்டார்.

"ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. உங்களுக்கு ஏற்கெனவே ஏதாவது உடம்புக் கோளாறு உண்டா? வலிப்பு, மயக்கம், இதய நோய், இந்த மாதிரி."

சின்ன டீச்சர் தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

"எங்க அண்ணியையே கேளுங்க மேடம். என்னை வளர்த்தவங்க அவங்கதான்."

மீட்டர் திரும்பினார். பேனா காகிதத்தின் மேல் காத்துக்கொண்டிருந்தது. பெரிய டீச்சர் நாத்தனாரின் உதட்டு ஓரத்தைப் பார்த்தாள். ரத்தத்தை யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள். இப்போது அங்கே ஒன்றும் இல்லை.

"இல்ல," என்றாள் பெரிய டீச்சர்.

மீட்டர் எழுதினார். காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தி, வீட்டு ஆள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அவள் போட்டாள்.